நீராவியா, வெந்நீரா? – நெல் ஆலை சொல்லித் தந்த பாடம்



மாணவர் பேரவை ஆண்டு மலருக்குத் தொழில்நுட்பக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, மூன்றாம் ஆண்டு பாடத்தில் நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே கடந்துபோன ஒரு தலைப்பு: "தொழிற்கூடக் கட்டடங்களை வெப்பப்படுத்துதல் – நீராவி முறை, வெந்நீர் முறை, ஒப்பிடுக."

அன்று வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், பங்குனி வெயில்ல நம்ம ஒர்க்‌ஷாப் தகரக் கூரைக்குக் கீழ வந்து நின்னாப் போதும். நீராவியும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்!" வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "சரிடா, மார்க்குக்காகவாவது படிங்க" என்றார். ஆறு வித்தியாசங்களை மனப்பாடம் செய்தோம். எழுதினோம். மறந்தோம்.

மறந்த பாடம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

கதை ஆரம்பம்

எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர். என் அப்பா ஒரு நெல் ஆலையில் பாய்லர் பார்க்கிறார். அதே ஆலையில் சித்தப்பா டிரையரைக் கவனித்து வந்தார். ஐப்பசி மாதம், குறுவை நெல் ஈரத்தோடு வந்து குவிந்திருந்த நேரம். விடாத மழை. களத்தில் காயப்போட வழியில்லை. எல்லா நெல்லும் டிரையருக்குள்தான் போக வேண்டும். ஒருநாள் விடியற்காலை அவசர அவசரமாக நீராவி வால்வைத் திறந்திருக்கிறார்கள். 'டமார், டமார்' என்று சுத்தியலால் அடிப்பது போலக் குழாயில் சத்தம். மூன்றாவது அடியில் வளைவில் இருந்த பிளாஞ்ச் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் வலது கை வெந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். கை பிழைத்தது. ஆனால் இன்றும் இரண்டு விரல் முழுதாக மடங்காது.

முதலாளி பயந்துபோனார். "இந்த ஸ்டீமே வேண்டாம்யா. வெளிநாட்டுல பேக்டரிக்கெல்லாம் வெந்நீர்லதான் சூடு கொடுக்கிறாங்களாமே. டிரையர் ரேடியேட்டருக்கும் வெந்நீரே விட்டுடலாமா?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்பா ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பார்த்தார். "நீதான் படிக்கிறியேடா. என்ன சொல்ற?"

நான் யோசிக்கவே இல்லை. "வெந்நீர்தாம்பா நல்லது. சேப்டி" என்றேன். ஆறு வித்தியாசத்தில் ஒன்று அது. ஆனால் நான் சொன்னது பாதிக்கு மேல் தப்பு. ஏன் தப்பு என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம்

நீராவி தன் வெப்பத்தை எப்படிக் கொடுக்கிறது? குளிர்ந்து அல்ல, நீராக மாறிக் கொடுக்கிறது. இதுதான் உள்ளுறை வெப்பம். ஸ்டீம் டேபிளைப் புரட்டுங்கள். 3 பார் கேஜ் அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை ஏறக்குறைய 144 டிகிரி செல்சியஸ். ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது கொடுப்பது சுமார் 2,133 கிலோஜூல்.

வெந்நீர் அப்படியல்ல. அது குளிர்ந்துதான் கொடுக்க வேண்டும். 90 டிகிரியில் உள்ளே போய் 70 டிகிரியில் வெளியே வந்தால், ஒரு கிலோ கொடுப்பது 20 × 4.187, அதாவது சுமார் 84 கிலோஜூல். ஒரு கிலோ நீராவி செய்யும் வேலைக்கு 25 கிலோ வெந்நீர் தேவை!

இதைப் பார்த்தவுடன் "அப்படியானால் வெந்நீருக்குக் குழாய் ரொம்பப் பெரிதாக வேண்டும்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு டன் டிரையர் ஒன்றுக்கு 200 கிலோவாட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

நீராவி: மணிக்கு 338 கிலோ. இந்த அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவி 0.46 கன மீட்டர் இடம் பிடிக்கும். குழாயில் வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்றால், குழாயின் உள்விட்டம் சுமார் 47 மி.மீ.

வெந்நீர்: மணிக்கு 8,600 கிலோ. வேகம் நொடிக்கு 1.5 மீட்டர் என்றால், உள்விட்டம் சுமார் 46 மி.மீ.

பார்த்தீர்களா? இரண்டுக்கும் 50 மி.மீ. குழாயே போதும். நீராவி எடையில் குறைவு, ஆனால் இடம் அதிகம் பிடிக்கும், வேகமாக ஓடும். வெந்நீர் எடையில் அதிகம், ஆனால் அடக்கமாகப் போகும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வெந்நீருக்குத் திரும்பி வரும் குழாயும் அதே 50 மி.மீ. வேண்டும், இடைவிடாமல் ஓடும் பம்பும் வேண்டும். கரண்ட் போனால் வெப்பமும் போச்சு. நீராவி தன் அழுத்தத்தாலேயே போய்விடும். திரும்பி வருவதோ மணிக்கு 338 லிட்டர் நீர்தான், அதற்கு மெல்லிய குழாய் போதும்.

2. டிரையரில் வெந்நீர் ஏன் தோற்றது?

புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து அவித்தபின், அதில் ஈரம் சுமார் 35 சதவீதம் இருக்கும். அரைக்க வேண்டுமானால் 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். வழக்கமாக இரண்டு கட்டமாக உலர்த்துவார்கள். முதல் கட்டத்தில் 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடான காற்று. ஈரம் 18 சதவீதம் அளவுக்கு இறங்கும். பிறகு சில மணி நேரம் நெல்லை அப்படியே ஆறப்போட வேண்டும். அப்போதுதான் மணியின் உள்ளே இருக்கும் ஈரம் வெளிப்புறத்துக்குப் பரவும். அதன்பின் இரண்டாம் கட்டத்தில் 75 டிகிரி அளவில் மிதமான காற்று. ஆறப்போடாமல் ஒரேயடியாக உலர்த்தினால் மணியில் வெடிப்பு விழும், அரைக்கும்போது குருணையாகிவிடும். குருணைக்கு என்ன விலை என்று வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இப்போது சொல்லுங்கள்: 90 டிகிரி வெந்நீரை ரேடியேட்டரில் விட்டு 110 டிகிரி காற்று எடுக்க முடியுமா? முடியவே முடியாது. வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். இதை எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். ஆனால் நான் அப்பாவிடம் பதில் சொன்னபோது இது நினைவுக்கு வரவில்லை!

சரி, இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் வெந்நீர் வைத்தால்? காற்றை 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு கணக்கிட்டேன். நீராவிக்குச் சுமார் 90 டிகிரி. வெந்நீருக்கு 25.5 டிகிரிதான். மற்றவை சமம் என்றால் வெந்நீர் ரேடியேட்டரின் பரப்பு மூன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். முடியும், ஆனால் செலவு.

நீரை அழுத்தத்தில் வைத்து 140, 150 டிகிரிக்கு ஏற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். உயர் வெப்பநிலை வெந்நீர் முறை என்று அது குளிர்நாடுகளில் இருக்கிறது. ஆனால் அந்த நீர்க்குழாய் உடைந்தால் வெளியே வரும் நீர் அந்த நொடியே ஆவியாகிச் சீறும். எந்த ஆபத்துக்குப் பயந்து நீராவியை விட்டோமோ, அதே ஆபத்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

3. வெந்நீர் எங்கே ஜெயித்தது?

அப்படியானால் வெந்நீர் உதவாதா? அதே ஆலையில் நாலு எட்டு தள்ளிப் போனால் ஊறல் தொட்டி. அங்கே வெந்நீர்தான் ராஜா.

பழைய முறையில் பச்சைத் தண்ணீரில் நெல்லை இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள். நெல் புளித்து ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றம் சோற்றிலும் தெரியும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்த வெந்நீர் ஊறல் முறையில், 85 டிகிரி வெந்நீரில் நெல்லைக் கொட்டுகிறார்கள். கலந்தவுடன் வெப்பநிலை 70 டிகிரிக்கு வந்து நிற்கும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஊறல் முடிந்தது. நீரை வடித்துவிட்டு நீராவி விட்டு அவிக்க வேண்டியதுதான்.

இங்கே 70 டிகிரியை அதிகம் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊறும்போதே மாவு வேக ஆரம்பித்து, உமி வாய் பிளந்து, சத்து நீரில் கரைந்துவிடும். 144 டிகிரி நீராவியை நேரடியாக ஊறல் தொட்டிக்குள் விட்டால் குழாய் அருகே இருக்கும் நெல் குழையும். தூரத்து நெல் ஊறாது. வெந்நீர் எல்லா இடத்திலும் ஒரே பதமாக இருக்கும்.

நம் தஞ்சைப் பகுதிக்கு இதில் பெருமைப்படும் பங்கு உண்டு. மழையில் நனைந்த நெல்லை எப்படிக் காப்பாற்றுவது, எப்படிச் சீராக அவிப்பது என்று ஆராய இந்திய உணவுக் கழகம் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கியது. அது தஞ்சாவூருக்கு மாறி நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆகியிருக்கிறது. கீழ்வேளூரிலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்ப் பார்த்து வரலாம். நாமோ பாய்லர் பார்க்க வெளியூர் டூர் கேட்கிறோம்!

வெந்நீருக்கு இன்னொரு நல்ல இடமும் உண்டு: அவிக்காத ஈர நெல். கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை வருஷத்தில் 'ஈரப்பத வரம்பைத் தளர்த்துங்கள்' என்று விவசாயிகள் கேட்பது நாம் பேப்பரில் படிப்பதுதான். அந்த நெல்லை உலர்த்த மிதமான காற்று போதும். 45 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. விதை நெல்லுக்கு அதற்கும் சற்றுக் கீழே. சூடு கூடினால் முளைப்புத் திறன் போய்விடும். நீராவி ரேடியேட்டரை வைத்துக்கொண்டு இப்படி மிதமான சூடு எடுப்பது கஷ்டம். வால்வை ரொம்பக் குறுக்கினால் ரேடியேட்டருக்குள் அழுத்தம் இறங்கி, நீர் வெளியேறாமல் தங்கிவிடும். வெந்நீரில் அந்தத் தொல்லை இல்லை. திரும்பி வரும் நீரைக் கொஞ்சம் கலந்துவிட்டால் 60 டிகிரி வேண்டுமா 60, 80 வேண்டுமா 80.

4. கணக்கில் வந்த அதிர்ச்சி

ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி. உமியின் எரிதிறன் கிலோவுக்கு 13 மெகாஜூல், பாய்லர் திறன் 65 சதவீதம் என்று கொண்டால் கிடைப்பது 1,690 மெகாஜூல்.

செலவைப் பார்ப்போம். ஊறல் வெந்நீர் 1,200 லிட்டரை 30-லிருந்து 85 டிகிரிக்கு ஏற்ற 276 மெகாஜூல். ஊறிய நெல்லை அவிக்கச் சுமார் 120. உலர்த்தும்போது வெளியேற வேண்டிய நீர் 323 கிலோ, கிலோவுக்கு 2.4 மெகாஜூல் வீதம் 775. டிரையர் திறன் 60 சதவீதம் என்றால் அது 1,292 ஆகிறது. மொத்தம் 1,688 மெகாஜூல்!

வரவும் செலவும் சரிக்குச் சரி. வெயில் காலத்தில் பாதி நெல் களத்தில் காய்வதால் உமி மிஞ்சுகிறது, அதை விற்கிறார்கள். மழைக் காலத்தில் எல்லாம் டிரையரில் என்றால் ஒரு பிடி உமியையும் வீணாக்க முடியாது.

இந்தக் கணக்கோடு ஆலைக்குப் போய்ப் பார்த்தேன். ரேடியேட்டரிலிருந்து வரும் சுடுநீர் ஆவி பறக்கப் பின்பக்க வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நீரை 90 டிகிரியில் பாய்லருக்கே திருப்பிக் கொடுத்தால், 30 டிகிரித் தண்ணீர் விடுவதைவிடச் சுமார் 10 சதவீதம் எரிபொருள் மிச்சம். பத்து மூட்டை உமியில் ஒரு மூட்டை வாய்க்காலில் போகிறது!

அது மட்டுமா? நம் ஊர் கடலுக்குப் பக்கம். போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று டீ குடிப்பவர்களுக்குத் தெரியும். பாய்லரில் புதுத் தண்ணீர் விட விடக் குழாயில் உப்புப் படிவம் ஏறும். நீராவி குளிர்ந்து வரும் நீரோ வாலை வடித்த நீர் போலச் சுத்தமானது. அதைக் கொட்டிவிட்டுக் கடின நீரை ஏற்றுவது, மோரை வைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் குடிப்பது மாதிரி. மூடிய வெந்நீர்ச் சுற்றில் அதே நீர் திரும்பத் திரும்ப ஓடுவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

5. சித்தப்பாவின் கையைச் சுட்டது யார்?

முக்கியமான கேள்வி இதுதான். அந்த நீராவிக் குழாயை நான் நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு தாங்கி கழன்று குழாய் தொய்ந்திருந்தது. ராத்திரி பாய்லர் நின்றபின் குழாயில் மிச்சமிருந்த நீராவி நீராகி அந்தத் தொய்வில் தேங்கியிருக்கிறது. காலையில் வால்வை ஒரேயடியாகத் திறந்ததும், நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பாயும் நீராவி அந்த நீரை உருட்டிக்கொண்டு போய் வளைவில் மோதியிருக்கிறது. இதற்குத்தான் நீர்ச் சம்மட்டி என்று பெயர். பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி.

குற்றம் நீராவியின் மேல் இல்லை. செய்திருக்க வேண்டியவை இவைதான்:

(அ) குழாய் நீராவி போகும் திசையில் 100-க்கு 1 சரிவாக இறங்க வேண்டும்.

(ஆ) 30 முதல் 50 மீட்டருக்கு ஒன்று, வளைவு ஏறும் இடத்தில் ஒன்று என வடிகால் குழியும் ஸ்டீம் ட்ராப்பும் வேண்டும்.

(இ) காலையில் வடிகால் வால்வைத் திறந்து நீரை வெளியேற்றிவிட்டு, முதன்மை வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து குழாயைச் சூடேற்ற வேண்டும்.

(ஈ) நீளும் குழாய்க்கு இடம் விட வேண்டும். 50 மீட்டர் எஃகுக் குழாய் 30-லிருந்து 144 டிகிரிக்குப் போனால் 68 மி.மீ. நீளும். நாலு விரல் அகலம்! இதே குழாயில் 90 டிகிரி வெந்நீர் என்றால் 36 மி.மீ.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. நூறு டிகிரிக்குக் கீழே வெந்நீர் விடும் அமைப்பில் இந்த ஆபத்துகள் மிகக் குறைவுதான். அதனால்தான் அந்த வகைக் கலங்கள் கொதிகலன் சட்ட வரம்புக்குள் வருவதில்லை. 1923-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே. நீராவி என்றால் ஆய்வும் வேண்டும், சான்று பெற்ற ஆளும் வேண்டும். என் அப்பாவின் சான்றிதழ் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதன் மதிப்பு எனக்கு இப்போதுதான் புரிகிறது.

6. குளிர்நாட்டில் என்ன செய்கிறார்கள்?

இப்போது பாடத்துக்குத் திரும்புவோம். கட்டடத்தைச் சூடாக்குவதிலும் கேள்வி இதேதான். நியூயார்க் நகரில் 1882-ல் தொடங்கிய தெருவடி நீராவிக் குழாய்கள் இன்றும் கட்டடங்களுக்கு வெப்பம் கொடுக்கின்றன. கோபன்ஹேகன் நகரமோ தன் பழைய நீராவிக் குழாய்களை எடுத்துவிட்டு வெந்நீருக்கு மாறியது. வழியில் வீணாகும் வெப்பம் குறையும் என்பது ஒரு காரணம். இரண்டு ஊரும் பைத்தியக்கார ஊர் அல்ல. தேவை வேறு, பதில் வேறு.

தொழிற்கூடத்துக்கு நான் புரிந்துகொண்ட விதி இது. சாயப்பட்டறை, பால் பண்ணை, அரிசி ஆலை போல வேலைக்கே நீராவி தேவைப்படும் இடத்தில் பாய்லர் எப்படியும் இருக்கும். உயரமான பெரிய கூடத்தை ஷிப்ட் தொடங்கும்முன் சீக்கிரம் சூடாக்க அந்த நீராவியே நல்லது. ஆட்கள் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்யும் அறை, சீரான மிதமான சூடு வேண்டிய இடம் என்றால் வெந்நீர். இரண்டும் வேண்டுமா? நீராவியைக் கொண்டு ஒரு வெப்பமாற்றியில் வெந்நீர் தயாரித்து அந்தப் பகுதிக்கு மட்டும் ஓடவிடலாம். ஒரு பாய்லர், இரண்டு சேவை.

முடிவுரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் நாலு தாளில் எழுதி, அப்பாவோடு போய் முதலாளியிடம் கொடுத்தேன். முதலில், "நான் முன்னாடி சொன்னது தப்புங்க" என்று ஒப்புக்கொண்டேன். ஊறல் தொட்டிக்கு வெந்நீர், அவிக்கவும் முதல் கட்ட உலர்த்தலுக்கும் நீராவி, ஈர நெல்லுக்குத் தனியாக ஒரு வெந்நீர் ரேடியேட்டர், எல்லாவற்றுக்கும் முன்னால் குழாய்ச் சரிவும் ட்ராப்பும் என்று சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செலவு எவ்வளவு தம்பி?" என்றார். அதையும் எழுதியிருந்தேன்.

தாங்கிகளும் ட்ராப்புகளும் அந்த மாதமே வந்தன. வாய்க்காலில் ஓடிய சுடுநீர் இப்போது தொட்டி வழியாகப் பாய்லருக்குத் திரும்புகிறது. வெந்நீர் ரேடியேட்டர் மட்டும் "அடுத்த குறுவைக்குப் பார்க்கலாம்" என்று நிற்கிறது. சித்தப்பா இப்போது எடைமேடையில் உட்கார்ந்து இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். புது ட்ராப்பைப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "இதை ஒரு வருஷம் முன்னாடி படிச்சிருக்கக் கூடாதாடா?"

நண்பர்களே, ஒரு வருஷம் முன்னாடியும் நான் அதைப் படித்திருந்தேன். தேர்வுக்குப் படித்திருந்தேன். ஆறு வித்தியாசம் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அதே குழாய்க்குக் கீழே எத்தனையோ முறை அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப் போயிருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வாய்மொழித் தேர்வில் "எது சிறந்தது, நீராவியா வெந்நீரா?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "எந்த வெப்பநிலைக்கு சார்? எந்த வேலைக்கு சார்?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு பக்கத்து ஊர் ஆலைக்குப் போய், தலைக்கு மேலே போகும் குழாயை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.



– இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன், கீழ்வேளூர்